ஊசிக்கும் கத்திக்கும் நடுவே அரை மணி நேரம்

சிறு அறுவை அரங்கில் இந்த மாதம் பணிக்கு வந்திருக்கும் ஹவுஸ் சர்ஜன்களுக்கும் முதலாண்டு முதுநிலை மருத்துவர்களுக்கும்,



28 வருடமாக அறுவை அரங்கில் செவிலியாக நிற்கிறேன். பச்சைத் துணிக்கு இந்தப் பக்கம் நீங்கள் இருப்பீர்கள். உங்கள் கண் நோயாளியின் கையை விட்டு நகராது, நகரவும் கூடாது. துணிக்கு அந்தப் பக்கம் ஒரு முகம் இருக்கும். அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இந்த மடலில் எழுதுவதில் பாதி அந்த முகங்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டது. மீதி, நான்கு வருடத்துக்கு முன்னால் நானே அதே மேசையில் படுத்தபோது தெரிந்துகொண்டது.

போன வாரம் உங்களில் ஒருவர் கார்ப்பல் டனல் கேஸுக்கு ஊசி போட்டார். முக்கால் நிமிடத்தில் 10 மில்லி உள்ளே போய்விட்டது. அந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார். ஊசியை உருவி இரண்டு நிமிடம் ஆகவில்லை, கத்தி கேட்டார். அறுவை நன்றாகவே முடிந்தது. அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. வேறு மாதிரி செய்யலாம் என்று அவருக்கு யாரும் காட்டியிருக்க மாட்டார்கள். எனக்கும் 24 வருடம் யாரும் காட்டவில்லை.

வருகிறவர்களின் பேச்சு உங்களுக்கு இதற்குள் பழகியிருக்கும். "ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துருதுங்க. கை மதமதன்னு கெடக்குது. உதறுனாத்தான் உசுரு வருதுங்க." எந்த விரல் என்று கேட்டால் சுண்டுவிரலை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைத் தடவிக் காட்டுவார்கள். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் ஓட்டுகிறவர், இட்லிக்கடைக்காரம்மா, சர்க்கரை இருப்பவர், தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர், ஏழு மாதக் கர்ப்பிணி. மணிக்கட்டு எலும்புகள் ஒரு பக்கம், தடித்த குறுக்குப் பட்டை இன்னொரு பக்கம். நடுவே உள்ள சந்தில் 9 தசைநாண்கள், அவற்றோடு ஒண்டிக்கொண்டு நடு நரம்பு. இடம் நெருக்கமானால் முதலில் நசுங்குவது நரம்புதான். பட்டையை அறுத்துவிட்டால் நரம்புக்கு மூச்சு வரும். கை பழகியவருக்குக் கால் மணி நேர வேலை. உடம்பைப் பொறுத்தவரை இவ்வளவு சிறிய அறுவை. அதற்கு நாம் கொடுத்த தொல்லைதான் பெரிதாக இருந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. வேறு ஊர், வேறு மருத்துவமனை. பவர்டேபிள் கம்பெனியில் வேலை செய்த ஓர் அம்மா, 50 வயதுக்குள் இருக்கும். மணிக்கட்டில் மரக்க ஊசி போட்டாயிற்று. மேல் கையில் டூர்னிக்கே பட்டையைக் கட்டி 250 வரை காற்றை ஏற்றினார்கள். ரத்தம் வராமல் இருந்தால்தானே நரம்பு தெரியும். அறுவை செய்தவர் அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்தார். பத்து நிமிடத்தில் அந்த அம்மா தோளை அசைக்க ஆரம்பித்தார். "அறுக்கற எடத்துல ஒண்ணுமே தெரியலீங்க சிஸ்டர். மேலுக்குக் கட்டியிருக்கீங்கள்ல, அங்கதான் உசுரு போவுது." ஆச்சும்மா, ஆச்சு என்றேன். இன்னும் 20 நிமிடம் ஆனது. நான் அதையேதான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன், அவருடைய கண்ணீரைத் துடைத்தபடி.

தையல் பிரிக்க வந்தபோது கை நன்றாக இருந்தது. இன்னொரு கைக்கு நாள் குறிக்கலாமா என்று கேட்டேன். "அது அப்படியே இருந்துட்டுப் போகட்டுங்க" என்றார். மூன்று வருடம் கழித்து ஓ.பி. வரிசையில் பார்த்தேன். வேறு எதற்கோ வந்திருந்தார். இடது கட்டைவிரலின் அடிச்சதை வற்றிப் பள்ளம் விழுந்திருந்தது. மருந்துச் சீட்டை இரண்டு விரலால் பிடிக்க முடியாமல் உள்ளங்கையில் வைத்து மடக்கிப் பிடித்திருந்தார். அவர் கத்திக்குப் பயந்து வராமல் இருக்கவில்லை. அந்த டூர்னிக்கே பட்டைக்குப் பயந்து வராமல் இருந்தார்.

மற்ற வழிகளும் பார்த்திருக்கிறேன். முழு மயக்கம் கொடுத்தால் வலி தெரியாது, உண்மைதான். ஆனால் அதற்கு ரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி., முந்தின இரவிலிருந்து பட்டினி எல்லாம் வேண்டும். சர்க்கரை நோயாளியைக் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் இல்லாமல் உட்காரவைத்து, லிஸ்டில் பெரிய கேஸ் இழுத்துக்கொண்டு போய், மதியம் இரண்டு மணிக்கு அவர் கை நடுங்கி வியர்த்து நிற்பதை நீங்களும் பார்ப்பீர்கள். காரை எலும்புக்கு மேலே ஊசி போட்டுக் கை முழுவதையும் மரக்கவைப்பது பெரிய அறுவைகளுக்கு அருமையான வழி. கால் மணி நேர வேலைக்கு, நுரையீரலுக்குப் பக்கத்தில் ஊசியை ஏன் கொண்டுபோக வேண்டும்? ஆகஸ்ட் பீர் 1908-ல் காட்டிய வழி ஒன்று உண்டு. பட்டையைக் கட்டிவிட்டு மரக்கும் மருந்தைச் சிரை வழியாகவே ஏற்றுவது. அதிலும் பட்டை வேண்டும். போதாக்குறைக்கு அறுவை பத்து நிமிடத்தில் முடிந்தாலும் பட்டையை உடனே தளர்த்த முடியாது. மொத்த மருந்தும் இதயத்துக்கு ஓடிவிடும்.

ஆக எல்லா வழியும் பட்டையிடமே வந்து நின்றது. பட்டை வேண்டாமென்றால் ரத்தத்தை வேறு எதனாலாவது நிறுத்த வேண்டும். அந்த மருந்து நம் அலமாரியிலேயே இருந்தது. பல் டாக்டர்கள் நாள் முழுக்க அதைத்தான் போட்டார்கள். அட்ரினலின் கலந்த லிக்னோகெய்ன். ஆனால் விரலுக்கும் கைக்கும் அட்ரினலின் கூடாது, ரத்த ஓட்டம் நின்று விரல் அழுகிவிடும் என்று உங்கள் பாடப் புத்தகத்தில் இருந்தது. எங்கள் புத்தகத்திலும் இருந்தது. பரீட்சையில் அந்தக் கேள்விக்கு நானும் மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து தேடியதால்தான் இன்றைக்கு நான் இதை எழுதுகிறேன். கீத் டெங்க்ளர் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1880-லிருந்து 2000 வரை வெளியான மருத்துவ இதழ்களைத் துழாவினார். மரக்கும் ஊசிக்குப் பிறகு விரல் அழுகிய சம்பவங்கள் 48 கிடைத்தன. பெரும்பாலானவை அந்தக் காலத்துக் கொக்கெய்ன், புரோக்கெய்ன் போட்ட கேஸ்கள். சிலவற்றில் விரலைச் சுற்றி ரப்பர் கட்டி வெகு நேரம் விட்டிருந்தார்கள். சிலவற்றில் கலவையின் அளவே தெரியவில்லை. லிக்னோகெய்னோடு அட்ரினலின் சேர்த்துப் போட்டு விரல் போனதாக ஒன்றுகூட இல்லை. 2001-ல் அதை வெளியிட்டார்.

பிறகு புரோக்கெய்ன்தான் குற்றவாளியோ என்ற சந்தேகம் வலுத்தது. அது அலமாரியில் இருக்க இருக்கப் புளித்து அமிலமாகும் மருந்து. அந்தக் காலத்தில் மருந்துப் புட்டியில் காலாவதித் தேதி போடும் கட்டாயம் கிடையாது. கடும் அமிலமாகிப்போன மருந்தை விரலுக்குள் செலுத்திவிட்டு, கூட இருந்த அட்ரினலினைப் பழி சொல்லியிருக்கிறார்கள். நில்ஸ் லோஃப்கிரென் ஸ்வீடனில் லிக்னோகெய்னை உருவாக்கியது 1943-ல். 1948-ல் அது விற்பனைக்கு வந்து, புரோக்கெய்ன் மெல்ல ஒதுங்கியது. மருந்து மாறிவிட்டது, விதி மட்டும் மாறாமல் புத்தகத்துக்குப் புத்தகம் நகலாகி வந்தது.

கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் செயின்ட் ஜான் என்ற ஊர். அங்கே டொனால்ட் லலோண்ட் என்ற கை அறுவை மருத்துவர் இதை நோயாளிகளிடமே எண்ணிப் பார்ப்பது என்று இறங்கினார். அவரும் கூட்டாளிகளுமாகச் சேர்ந்து, கையிலும் விரலிலும் அட்ரினலின் போட்ட 3110 கேஸ்களை வரிசையாகப் பதிவு செய்தார்கள். ஒரு விரல்கூட அழுகவில்லை. அட்ரினலினை முறிக்கும் ஃபென்டோலமின் ஊசிகூட யாருக்கும் தேவைப்படவில்லை. 2005-ல் அது அச்சில் வந்தது. இப்போது உலகமெங்கும் வாலண்ட் என்று சொல்கிறார்களே, அது இப்படித்தான் பரவியது. நோயாளி முழு விழிப்பில் இருப்பார், பரவலாக மருந்து செலுத்தப்படும், டூர்னிக்கே கிடையாது. பெயரின் அர்த்தம் அவ்வளவுதான்.

இதெல்லாம் எனக்குக் காகிதத்தில் தெரியும் முன்பே உடம்பில் தெரிந்தது. என் வலது கைக்கு அறுவை நடந்த நாளைச் சொல்கிறேன்.

காலையில் மூன்று இட்லி சாப்பிட்டேன். பிபி மாத்திரையும் போட்டுக்கொண்டேன். படுக்கச் சொன்னார் டாக்டர். உட்கார்ந்தபடி ஊசி வாங்குகிறவர்களில் சிலர் மயங்கிச் சாய்ந்துவிடுவார்கள், அதனால். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து, மணிக்கட்டை லேசாக மடக்கச் சொன்னார். நடுவில் ஒரு நாண் கயிறு மாதிரி எழுந்தது. சிலருக்கு அந்த நாண் பிறவியிலேயே இருக்காது, தெரியுமல்லவா? நடு நரம்பு அதன் அருகில்தான் ஓடுகிறது. அதிலிருந்து சுண்டுவிரல் பக்கமாக அரை சென்டிமீட்டர் தள்ளி, மணிக்கட்டு மடிப்புக்கு அரை சென்டிமீட்டர் மேலே பேனாவால் புள்ளி வைத்தார். நரம்பைத் தொடாமலும், அந்தப் பக்கத்து ரத்தக்குழாயைத் தொடாமலும் நடுவே ஓர் இடம்.

ஜன்னலைப் பார்க்கச் சொன்னார். புள்ளிக்குப் பக்கத்துத் தோலைக் கிள்ளிப் பிடித்தார். கிள்ளல் தெரிந்தது, கூடவே எறும்பு கடித்தாற்போல் ஒன்று. 30-ஆம் நம்பர் ஊசி, தோலுக்கு நேர்க்குத்தாக. அரை மில்லிகூடப் போயிருக்காது, நிறுத்திவிட்டார். ஊசி உள்ளேயே இருக்கிறது, கை அசையவில்லை.

"வலி போனதும் சொல்லுங்க சிஸ்டர்" என்றார்.

அதுவரை எத்தனை ஆயிரம் ஊசிகளுக்குப் பக்கத்தில் நின்றிருப்பேன். வலித்தால் சொல்லுங்கள் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். நானே சொல்லியிருக்கிறேன். வலி போனதும் சொல்லுங்கள் என்று யாரும் சொல்லிக் கேட்டதே இல்லை. 20 விநாடி இருக்கும். போய்விட்டது டாக்டர் என்றேன். அப்புறம்தான் மேற்கொண்டு அழுத்தினார், அதுவும் மெதுவாக. மருந்து முன்னே போய்த் தோலடியில் மேடு தட்டியது. அந்த மேட்டைத் தாண்டி ஊசி முனை ஒருபோதும் போகவில்லை. மருந்து நடந்த வழியில்தான் ஊசி நடந்தது. மணிக்கட்டில் 10 மில்லி, முதலில் தோலடியில் கொஞ்சம், பிறகு ஆழத்தில் உறைக்கு அடியில். அடுத்து ஊசியை எடுத்து, ஏற்கெனவே மரத்த இடத்திலேயே மறுபடி குத்தி, உள்ளங்கை வரை 10 மில்லி. எல்லாம் முடிய 5 நிமிடம் ஆகியிருக்கும். மொத்தத்தில் எனக்குத் தெரிந்தது அந்த ஒரே ஓர் எறும்புக்கடி.

லலோண்ட் தன் மாணவர்களுக்கு இதையே பரீட்சையாக வைத்தார். ஊசி போடும்போது எத்தனை முறை வலித்தது என்று நோயாளியே எண்ணிச் சொல்ல வேண்டும். முதல் குத்து மட்டும் என்றால் முழு மதிப்பெண். உங்களிடமும் அதையே வேண்டுகிறேன். ஒவ்வொரு கேஸ் முடிந்ததும், எத்தனை தடவை வலிச்சுதுங்க என்று நோயாளியிடம் கேளுங்கள். என் எதிரில் கேளுங்கள். முதல் வாரம் மூன்று, நான்கு என்று சொல்வார்கள். மாதக் கடைசியில் ஒன்று என்பார்கள். இந்த அறையில் அப்படி நடந்து பார்த்திருக்கிறேன். மெல்லிய ஊசி கிடைக்கவில்லை என்று சொல்லாதீர்கள். 30-ஆம் நம்பர் ஸ்டோரில் இல்லாத நாளில் முதல் கொப்புளத்தை இன்சுலின் சிரிஞ்சால் எழுப்பிக்கொள்ளுங்கள். நான் எடுத்து வைக்கிறேன். ஊசி போகும்போது விரல் நுனியில் கரண்ட் அடித்தது என்று நோயாளி சொன்னால் அங்கேயே நிறுத்தி, ஊசியைப் பின்னுக்கு இழுங்கள். அந்தச் சந்தில் ஏற்கெனவே நசுங்கிக் கிடக்கிற நரம்பு அது. அதற்குள் மருந்தைச் செலுத்தவே கூடாது.

மருந்து கலப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் இங்கேதான் எனக்குத் தூக்கம் போகிறது. நம்மிடம் வரும் லிக்னோகெய்ன் பெரும்பாலும் 2 சதவீதம். லலோண்ட் சொல்வது 1 சதவீதம். 10 மில்லி மருந்தோடு 10 மில்லி சலைன் சேர்த்தால் 20 மில்லி கிடைக்கும். அட்ரினலின் ஆம்பியூலில் ஒரு மில்லிக்கு 1 மில்லிகிராம். நமக்கு வேண்டியது லட்சத்தில் ஒரு பங்கு. அதாவது 20 மில்லிக்கு 0.2 மில்லி. இன்சுலின் அல்லது டியூபர்குலின் சிரிஞ்சில் எடுங்கள், பெரிய சிரிஞ்சில் கண்ணளவாக எடுக்காதீர்கள். புள்ளி ஒன்று இடம் மாறினால் பத்து மடங்கு. ஆம்பியூலின் பெயரை நீங்கள் உரக்கப் படியுங்கள், நானும் உரக்கப் படிப்பேன். எழுதி ஒட்டாத சிரிஞ்சு மேசையில் இருக்கக் கூடாது. அட்ரினலின் ஏற்கெனவே கலந்து வரும் வயலும் நம்மிடம் உண்டு, இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு. அதைப் பாதியாக நீர்க்கவைத்தாலும் ரத்தம் அடங்கும், பொறுமை மட்டும் வேண்டும்.

கடைசியாகச் சோடியம் பைகார்பனேட், 10 மில்லிக்கு 1 மில்லி வீதம். அட்ரினலின் கெடாமல் இருக்க, அது கலந்து வரும் லிக்னோகெய்னை அமிலமாகவே வைத்திருப்பார்கள். ஊசி போடும்போது திகுதிகுவென்று எரிவது அதனால்தான். பைகார்ப் அந்த அமிலத்தை ஆற்றிவிடும். போடுவதற்குச் சற்று முன்னால் கலந்தால் போதும், கலந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்.

அடுத்து எடை. இதை எந்த மேலைநாட்டுப் புத்தகமும் நமக்காக எழுதிவைக்காது. அட்ரினலினோடு சேர்ந்தால் லிக்னோகெய்ன் ஒரு கிலோவுக்கு 7 மில்லிகிராம் வரை போகலாம். கனடாவில் 70, 80 கிலோ ஆள் படுப்பார். நம் மேசையில் படுக்கிற அம்மாவுக்கு 45 கிலோ இருந்தால் அதிகம். 45-ஐ 7-ஆல் பெருக்கினால் 315 மில்லிகிராம். 1 சதவீதத்தில் 20 மில்லி என்றால் 200, கவலையில்லை. நீர்க்கவைக்க மறந்து 2 சதவீதத்தையே 20 மில்லி ஏற்றினால் 400. வரம்பைத் தாண்டிவிட்டீர்கள். அதே அம்மா தூரத்து ஊரிலிருந்து வருகிறார், இரண்டு கையையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று நல்ல மனதோடு நினைத்தாலும் கணக்கு அதே 400-தான். அதனால் எடை பார்க்காமல் யாரும் உள்ளே வர வேண்டாம் என்று எடை மெஷினை வாசலிலேயே போட்டிருக்கிறேன். நாக்கு மதமதக்கிறது, வாயில் இரும்பு வாடை அடிக்கிறது, காதில் ரீங்காரம் கேட்கிறது என்று யாராவது சொன்னால் பயத்தில் உளறுகிறார் என்று எண்ணாதீர்கள். மருந்து ரத்தத்தில் ஏறியிருக்கலாம். உடனே மயக்க மருத்துவரைக் கூப்பிடுங்கள். 20 சதவீத லிப்பிட் குப்பி சிவப்பு டிராலியின் இரண்டாவது தட்டில் இருக்கிறது.

இனி அந்த அரை மணி நேரம். தோலில் வலி தெரியாமல் போவதற்குச் சில நிமிடங்கள் போதும். ஆனால் ரத்தக்குழாய்கள் நன்றாகச் சுருங்குவதற்குப் போதாது. ஏழு நிமிடம் என்றுதான் பழைய புத்தகங்கள் சொல்லிவந்தன. 2013-ல் வெளியான ஆய்வில் அளந்து பார்த்தார்கள். ரத்தம் மிகக் குறைவாக வருவதற்கு 25 நிமிடத்துக்கு மேல் வேண்டும் என்று தெரிந்தது. என் கையில் அதைக் கண்ணால் பார்த்தேன். முதலில் புள்ளியைச் சுற்றிச் சிறு வெளுப்பு. பிறகு அது உள்ளங்கை வரை படர்ந்தது, தண்ணீரில் வெகுநேரம் ஊறிய கை மாதிரி. விரல் நுனிகளில் மட்டும் நிறம் இருந்தது. அந்த வெளுப்பு படரும் முன் கத்தி வைத்தால் ரத்தம் சுரந்துகொண்டே இருக்கும். ஒற்றி ஒற்றி எடுப்பீர்கள், நரம்பு தெரியாது, டூர்னிக்கே கொடுங்கள் என்பீர்கள். போன வாரம் அதுதான் நடந்தது.

நேரம் வீணாகிறது என்பீர்கள், ஆனால் வீணாகாது. வெளித் திண்ணையில் படுக்கை போட்டு மூன்று பேருக்கு வரிசையாக ஊசி போட்டுவிட்டு வாருங்கள். மூன்றாமவருக்குப் போட்டு முடிக்கும்போது முதலாமவருக்கு வெளுப்பு வந்திருக்கும். லலோண்டின் குழு ஒப்பிட்டுப் பார்த்ததில், இதே அறுவையைப் பெரிய அரங்கில் செய்தால் ஏறக்குறைய நான்கு மடங்கு செலவு, செய்ய முடிந்த கேஸ்களோ பாதிக்கும் குறைவு. சிறு அறையில் செய்தால் சீழ் பிடிக்குமே என்ற பயத்துக்கும் அவர்கள் கணக்கு வைத்திருந்தார்கள். 1504 பேரில் 6 பேருக்குத் தோலளவில் தொற்று, ஆழத்தில் யாருக்கும் இல்லை. பெரிய அரங்கில் எலும்பு முறிவுகள் காத்துக்கொண்டிருக்கின்றன, அவற்றுக்கு அந்த இடத்தை விடுவோம்.

காத்திருக்கும் அந்த நேரத்தில் நோயாளி பக்கத்தில் உட்காருங்கள். தொடுவது தெரியும், இழுப்பது தெரியும், வலி மட்டும் தெரியாது என்று முன்கூட்டியே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் துணி பட்டதும் "எனக்கு மரக்கலைங்க" என்று அலறிவிடுவார்கள். நெஞ்சு படபடவென்று அடிக்கலாம், அது அட்ரினலின் வேலை, கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும் என்பதையும் சொல்லிவிடுங்கள். பேசினால் பாதிப் பயம் போய்விடும்.

போன ஆடியில் ஒரு கட்டிங் மாஸ்டர் வந்திருந்தார். 30 வருடமாகப் பனியன் துணி வெட்டுகிற கை. டாக்டர் குறுக்குப் பட்டையை அறுக்கும்போது கரகரவென்று ஒரு சத்தம் வரும், நீங்களும் கேட்டிருப்பீர்கள். மாஸ்டர் தலையைத் தூக்காமலே, "என்னுங்க, கேன்வாஸ் வெட்டறாப்புல கேக்குதுங்களே" என்றார். அதேதான், தடிச்ச கேன்வாஸ்தான் என்றார் டாக்டர். "ஓரத்துல ஒரு இழை விட்டுறாதீங்க சாமி, அதுதான் அப்புறம் புடிக்கும்" என்றார் மாஸ்டர். டாக்டர் சிரிக்கவில்லை. ஓரத்தைப் பார்த்தார். உள்ளங்கைப் பக்கம் மிச்சமிருந்ததையும் விடுவித்துவிட்டு, "விரலை மடக்கி நீட்டுங்க" என்றார். துணிக்கு இந்தப் பக்கம் அந்த விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கி நீண்டதை நான் பார்த்தேன். மயக்கத்தில் இருந்திருந்தால் இந்தப் பேச்சு ஏது? கையை இதயத்துக்கு மேலே தூக்கி வைத்திருக்க வேண்டும், வலிக்கிற வேலையைச் செய்யக் கூடாது, விரலை மட்டும் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று தையல் போட்டபடியே டாக்டர் சொல்லி முடித்தார். தெளிவான தலையோடு கேட்டதால் மாஸ்டர் ஒன்றையும் மறக்கவில்லை.

எல்லோருக்கும் இதுவே வழி என்று நான் சொல்லவில்லை. பீடி, சிகரெட்டால் விரல் நுனி கருத்தவர்கள், ரத்த ஓட்டம் ஏற்கெனவே குன்றியவர்கள், குளிர் பட்டால் விரல் வெளுத்து நீலமாகிறவர்கள் விஷயத்தில் அட்ரினலினைத் தொடும் முன் பெரிய டாக்டரைக் கேளுங்கள். இதய நோய் இருந்தாலும் கேளுங்கள். ஊசியைக் கண்டாலே நடுங்குகிறவர்களைப் பிடித்து வைத்துச் செய்ய வேண்டாம், அவர்களுக்குத் தூங்கவைப்பதுதான் கருணை. ஊசிக்கு முன்னால் ஒவ்வொரு விரலின் நுனியையும் அழுத்திவிட்டு, எத்தனை விநாடியில் சிவக்கிறது என்று பாருங்கள். முடிந்து வீட்டுக்கு அனுப்பும் முன்னும் பாருங்கள். விரல் நுனி வெளுத்தே கிடந்தால் அட்ரினலினை முறிக்க ஃபென்டோலமின் இருக்கிறது, ஒரு மில்லியில் 1 மில்லிகிராமாகக் கரைத்து அந்த இடத்தில் போடுவது. நம் மருந்தகத்தில் இருப்பு உண்டா என்று திங்கள்தோறும் கேட்டுக் குறித்துவைக்கிறேன்.

அந்தப் பவர்டேபிள் அம்மா இப்போது எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. அவர் மாதிரி ஒரு கையை மட்டும் செய்துகொண்டு இன்னொன்றை விட்டுவிட்டவர்கள் உங்கள் ஓ.பி.க்கு வருவார்கள். ஏன் வரவில்லை என்று அதட்டாமல், அன்றைக்கு என்ன வலித்தது என்று கேளுங்கள். மேல் கையைத்தான் தொட்டுக் காட்டுவார்கள். அந்தப் பட்டை இனிமேல் கிடையாது என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு அந்த வார லிஸ்டிலேயே பெயரை எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் மறுபடி போய்விடுவார்கள்.

எனக்கும் இன்னொரு கை பாக்கி இருக்கிறது. இரண்டு மாதமாக ராத்திரியில் இடது கையை உதறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அடுத்த மாதம் இரண்டாவது புதன்கிழமை லிஸ்டில் நானே என் பெயரை எழுதிவிட்டேன். ஊசி போடுவது உங்களில் ஒருவராக இருக்க வேண்டும் என்று பெரிய டாக்டரிடம் கேட்டுக்கொண்டேன், அவரும் சரி என்றார். என் எடை 52 கிலோ. காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு, எட்டரைக்கெல்லாம் வந்து திண்ணைப் படுக்கையில் படுத்திருப்பேன்.

அன்புடன்,
சிறு அறுவை அரங்கின் மூத்த செவிலி